புதியது, கழுவியது

அந்த வாரத்தில் பதினொரு பேர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். திங்கள் இரண்டு பேர், செவ்வாய் ஒருவர், புதன் நான்கு பேர். வியாழன் அடைமழை, யாரும் வரவில்லை. வெள்ளி மறுபடியும் நான்கு. எண்ணிக்கை என்னுடையது. கிளாஸ்களைக் கழுவியது என் மனைவி. எட்டாவது கிளாஸைக் கவிழ்த்தபோது அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எண்ணுறத நிறுத்துங்க. செத்த வீட்டுல வந்த ஆளுங்கள எண்ணுற மாதிரி இருக்கு."

கடை அவளுடையது. ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பாதையில், எங்கள் தோட்டத்துச் சந்தியில், ஆட்டோ நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கடையில் எனக்கு இரண்டு பொறுப்புகள். தண்ணீர் வசதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாடிக்கையாளர்களிடம் புத்தகத்தில் படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டாவதை ஓரளவு ஒழுங்காகச் செய்துவந்தேன்.

நாட்குறிப்பு எழுதுவது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். முதல் வரி வானிலை. இரண்டாவது வரி அன்றைய முதல் தேநீரின் நிறம். தேநீர் ருசி பார்ப்பவர்கள் அனுப்பும் அறிக்கைகள் என் மேசை வழியாகத்தான் போகும். அவற்றைத் தட்டச்சு செய்து செய்து, தேநீரை முதலில் கண்ணால் பார்க்காமல் என்னால் குடிக்க முடியாது. நல்ல தேநீருக்கு 'செம்பு' என்று எழுதுவேன். ஒக்டோபர் மாதத்து முதல் வாரத்தில் முதல் தடவையாக 'கறுப்பு' என்று எழுதியிருக்கிறேன். அடுப்புக்கரியைக் கரைத்ததுபோல ஒரு கறுப்பு. பால் ஊற்றினால் சாம்பல் நிறம். வாயில் வைத்தால் பழைய ஆணியை நக்கியது மாதிரி இருக்கும்.

நாங்கள் தூளைத்தான் குறை சொன்னோம். வேறு எதைச் சொல்வோம்? இங்கே பிறந்தவன் தேநீர் கெட்டுவிட்டது என்றால் தூளைப் பார்ப்பான், கொழுந்தைப் பார்ப்பான், வறுத்த சூட்டைப் பார்ப்பான். தண்ணீரைப் பார்க்கமாட்டான். மலையில் எங்களுக்கு மேலே இருப்பது மேகம் மட்டும்தான். நாங்கள் குடித்த மிச்சத்தைத்தான் கீழ்நாடு குடிக்கிறது என்பது எங்களுடைய பெருமை. ஆகவே ஹட்டனுக்குப் போய் வேறு இடத்தில் தூள் வாங்கினேன். தேநீர் செம்பாகிவிட்டது. 'தூளில்தான் கோளாறு, தீர்ந்தது' என்று நாட்குறிப்பில் எழுதிக் கீழே கோடு வேறு போட்டேன். நவம்பர் தொடக்கத்தில் திரும்பவும் கறுப்பு. அதே இடத்தில் அதே தூளை மறுபடி வாங்கிவந்தேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பதினொரு பேர்.

சனிக்கிழமை காலை டீமேக்கர் வந்தார்.

தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்கும் வேலை முழுவதற்கும் பொறுப்பானவரை டீமேக்கர் என்போம். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் எங்கள் பக்கத்தில் தேநீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். சர்ரென்று உறிஞ்சினார். கன்னத்தின் இரண்டு பக்கமும் உருட்டினார். எழுந்துபோய் வாசலுக்கு வெளியே துப்பினார்.

"சாயம்" என்றார்.

கடையில் இருந்த ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள். "ஐயா, என்ன சொன்னீங்க?"

"சொன்னது ஒன் காதுல விழுந்துச்சே. காஞ்ச சக்கையில சாயம் ஏத்துன தூளு. எங்க வாங்குனியோ அங்கேயே திருப்பிக் குடு."

"நான் சக்க விக்கிறேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. நாக்கு சொல்லுது."

அவர் போய்விட்டார். குடித்து எறிந்த சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்பவர்கள் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். தேயிலை பறித்தே பரம்பரை பரம்பரையாகக் கைவிரல் கறுத்த எங்கள் ஆட்களிடம், நீ தேயிலையில் கலப்படம் செய்கிறாய் என்பதை விடக் கேவலமாக ஒன்றைச் சொல்ல முடியாது. மனைவியே இருபத்திரண்டு வருடம் மலையில் கொழுந்து பறித்துவிட்டுத்தான் இந்தக் கடையைப் போட்டாள்.

ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் மெதுவாக வந்தார். நல்லவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. "மாமி, கோவிச்சுக்காதீங்க. யாராச்சும் பெட்டிசம் போட்டா பி.எச்.ஐ. வந்து கடைக்கு சீல் வச்சுருவாரு. போயாவுக்கு ரெண்டு வாரந்தானே இருக்கு? சீசன் தொடங்குற வரைக்கும் மூடி வச்சிருங்களேன். எல்லாரும் மறந்துருவாங்க."

பி.எச்.ஐ. என்பவர் சுகாதாரப் பரிசோதகர். டிசம்பர் போயாவோடு, அதாவது பௌர்ணமியோடு, சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் காலம் தொடங்கும். பஸ்கள் எங்கள் சந்தியில் நின்றுதான் போகும். அந்த ஆறு மாதத்து வியாபாரம்தான் கடையின் ஆயுள்.

"மூடுனா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்றாள். "எப்பவும் அஞ்சரைக்குத் தொறப்பேன். நாளையிலேருந்து அஞ்சு மணிக்குத் தொறக்குறேன். பி.எச்.ஐ. வந்தா அவருக்கும் ஒரு பிளேன்டீ போடுறேன்."

மறுநாள் ஐந்து மணிக்குத் திறந்தாள். யாரும் வரவில்லை. அடுப்பை அணைக்காமல் ஒன்பது மணிவரை நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படிக்க எனக்கு மனம் வரவில்லை. நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன்.

இந்த இடத்தில் தண்ணீர் பில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கொழும்பிலிருந்து மகள் அதைக் கொண்டுவந்தாள். மருமகன் சமையல் பக்கத்துச் சுவரில் பொருத்தினார். நீலத் தலை, அதன் கீழே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குடுவை, குடுவைக்குள் வெள்ளை நூல் சுற்றிய ஒரு சாண் நீளத் தண்டு. கடைக்காரர்கள் அந்தத் தண்டைக் காட்ரிஜ் என்பார்கள். அது அழுக்கேறினால் எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். தலைக்கும் குடுவைக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். குடுவையைக் கழற்ற வட்டமான ஒரு பிளாஸ்டிக் ஸ்பேனர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவேன். மாற்றும்போது தண்டின் மேல்விளிம்பில் மார்க்கர் பேனையால் திகதி போடுவேன். மனைவி அதைப் பார்த்து, "பொறந்த தேதியா, சாகுற தேதியா?" என்பாள்.

செப்டெம்பரில் பெய்த பெருமழையில் மேலே மண் சரிந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து சந்திக்கு வரும் பிளாஸ்டிக் குழாயை அடித்துக்கொண்டு போனது. பத்து நாள் சந்தியில் இருப்பவர்கள் எல்லோரும் குடம் தூக்கினோம்; அந்தக் குழாய்த் தண்ணீரில் தேநீர் போடுவது எங்கள் கடை மட்டும்தான். டீமேக்கர்தான் ஆட்களைத் திரட்டி, தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குழாய்களைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து, இணைத்துக் கொடுத்தார். அன்றைக்கு என் மனைவி அவரைக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு காட்ரிஜ் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. பழுப்பேறி அடைத்துக்கொள்ளும். நூல் போலத் தண்ணீர் வரும். மழைச் சேறு என்று நினைத்தேன்.

இனி நான் செய்த காரியம். புதிய காட்ரிஜ் கையில் இல்லாததால் பழையதைக் கழற்றி, துணி துவைக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்து, கொதிநீரில் முக்கி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டேன். வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. தண்ணீரும் பழையபடி வேகமாக வந்தது. பெருமையோடு, திகதிக்குப் பக்கத்தில் 'கழுவியது' என்று எழுதினேன்.

தூள் வாங்க முதல் தடவை ஹட்டனுக்குப் போன நாளில், அங்கே சமையலறைச் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் ஒரு புதிய காட்ரிஜும் வாங்கினேன். அவரிடம் இருந்த கடைசிப் பெட்டி. அதுவும் மூன்று வாரத்தில் அடைத்துக்கொண்டது, அதையும் கழுவிப் போட்டேன். இரண்டாவது தடவை போனபோது அவர் கையை விரித்தார்.

"அந்த மொடலுக்கு இனி காட்ரிஜ் வாரல்ல ஐயா. கம்பனி புது மொடல் இறக்கீட்டான். மெஷினையே மாத்துங்க."

"சுவத்துல இருக்கிறதுக்கு என்ன கேடு?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல. உள்ளுக்குப் போடுறதுதான் இல்ல."

நல்லாயிருக்கும் மெஷினை எறிய நான் என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு வந்து, பழையதை மறுபடி தேய்த்துக் கழுவிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து இதையெல்லாம் வரிசையாகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. முதல் பயணம்: புதிய தூள், புதிய காட்ரிஜ். தேநீர் செம்பு. இரண்டாவது பயணம்: அதே தூள், கழுவிய காட்ரிஜ். தேநீர் கறுப்பு. ஒக்டோபரில் முதல் முறை கறுத்த நாளுக்கு முந்தின நாள்தான் முதல் தடவை கழுவியிருக்கிறேன். தூள் என்று கோடு போட்டு முடித்த இடத்தில் தூளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இரும்புத் துரு தேநீரில் கலந்தால் கறுக்கும் என்று நான் படித்ததும் உண்டு. எங்கள் தண்ணீரோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நூலைப் பிரஷால் தேய்த்துத் தேய்த்து விரித்துவிட்டேன். துரு அதற்குள் தாராளமாகப் புகுந்து வந்திருக்கிறது. பித்தளைப் பானையில் எடுத்த தண்ணீரில் அது கண்ணுக்கும் தெரியாது.

என் மனைவியின் பெயரைக் கெடுத்தது டீமேக்கரின் நாக்கு மட்டும் இல்லை.

அவளிடம் போய்ச் சொன்னேன். திகதிகளையும் வாசித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப ரெண்டு மாசமா நான் தூள மாத்தி மாத்திப் பார்த்தது, அடுப்ப மாத்துனது, பானைய புளி போட்டுத் தேச்சது எல்லாம்?"

"வீண்."

"நீங்க ஒரு பிரஷ்ஷ வச்சு செஞ்ச வேல?"

"ஆமா."

அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். "எழுதி வச்சிருக்கீங்கல்ல, அதுக்காக விடுறேன்" என்றாள். "நாளைக்கு முத பஸ்ஸுல ஹட்டனுக்குப் போங்க. காட்ரிஜ் இல்லாம இந்தப் பக்கம் வந்துறாதீங்க."

திங்கட்கிழமை ஓர் அடிமட்டத்தையும் பழைய காட்ரிஜையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நானா அடிமட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எனத்துக்கு ஐயா இது? சட்ட தைக்கப் போறீங்களா?"

"கடையில இருக்கிற காட்ரிஜ் எல்லாத்தையும் எறக்குங்க. அளந்து பாக்கணும்."

"நான்தான் சொன்னேனே, ஒங்கட மொடல் இல்ல."

"மொடல் வேணாம். அளவுதான் வேணும்."

மிக்ஸி ஜாடி, ரைஸ் குக்கர் மூடி, கேத்தல் பிடி, பிளெண்டர் ரப்பர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தட்டின் பின்னாலிருந்து ஏழு வகையை எடுத்துப் போட்டார். ஐந்து குட்டை, ஒன்று பருமன். ஏழாவது, ஹோட்டல் சமையலறைகளுக்கு அவர் மூட்டையாகக் கொடுப்பது. பெட்டி இல்லை, பெயர் இல்லை. நீளம் அளந்தேன், சுற்றளவு நூல் பிடித்தேன், நடுத்துளையில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்றே.

"பேர் இல்லாத சாமான் ஐயா. சேராட்டி என்னக் கேக்க வாணாம்."

"கேக்கமாட்டேன். பில்லுல அப்பிடியே எழுதுங்க."

"எழுதிக் கையெழுத்தும் வெக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஆறு எடுத்துக் கட்டினார். பிறகு தானாகவே உள்ளே போய் இரண்டு ரப்பர் வளையம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வளையத்த மாத்தாம காட்ரிஜ மாத்தி வேலையில்ல. பழசு விரிஞ்சிரும், சொட்டும். ஏழு வகையையும் அளந்து பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான்."

வீட்டுக்கு வந்தவுடன் மாற்றப் போனேன். மனைவி தடுத்தாள். "நில்லுங்க. இந்தத் தண்ணியில ஒரு வாளி புடிச்சு வைங்க. அப்புறம் மாத்துங்க." கழுவிய காட்ரிஜ் வழியாக வந்த தண்ணீர் ஒரு வாளி. புதியது வழியாக வந்தது ஒரு வாளி. இரண்டையும் மூடி வைத்தாள். ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டீமேக்கர் ஐயா வீட்டுக்குப் போய், சாயத்தூள் விக்கிறவ நாளைக்குக் காலையில கூப்பிடுறான்னு சொல்லுங்க. அவரு வீட்டுல குடிக்கிற தூளையும் கொண்டாரச் சொல்லுங்க."

"மாமி, அவருக்கிட்ட அப்பிடியேவா சொல்றது?"

"ஒரு வார்த்த கொறையக்கூடாது."

செவ்வாய் ஏழரைக்கு வந்தார். கையில் இறுக்கமாக மூடிய தகர டப்பா. ஆட்டோ ஸ்டாண்டே கடைக்குள் நின்றது. மனைவி இரண்டு கேத்தல்களை அடுப்பில் ஏற்றினாள். தூளை அவரையே போடச் சொன்னாள். இரண்டிலும் ஒரே கரண்டி, ஒரே அளவு. தொழிற்சாலையில் செய்வதுபோல அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கிளாஸ்களில் வடித்தாள்.

ஒன்று செம்பு. ஒன்று கறுப்பு.

யாரோ "ஐயையோ" என்றார்கள்.

டீமேக்கர் இரண்டையும் வெளிச்சத்துக்குத் தூக்கினார். இரண்டையும் உறிஞ்சினார். துப்பவில்லை. "என் தூளுல சாயம் இல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அப்ப எங்கேருந்து வந்துச்சு ஐயா?" என்றாள் மனைவி.

அடுத்தது என்னுடைய முறை. கழுவிய காட்ரிஜைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து மேசையில் வைத்தேன். வெளியே பழுப்பு. உள்ளே நூல் விரிந்த இடமெல்லாம் நடுத்துளை வரைக்கும் செந்நிறக் கோடுகள். நாட்குறிப்பைத் திறந்து செப்டெம்பரிலிருந்து வாசித்தேன். 'கழுவியது' என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் சத்தமாகவே வாசித்தேன். "கழுவிப் போட்டது நான். அவ இல்ல" என்று முடித்தேன்.

"தண்ணியில இரும்பா? நம்ம தண்ணியிலயா, கிளாக்கரே?"

"தண்ணியில இல்ல. கொழாயில."

குழாய் யார் கொண்டுவந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருடைய முகம் சிவந்தது.

"அந்தக் கொழாய் இல்லாட்டி இன்னைக்கும் நீங்கல்லாம் கொடம் தூக்கிக்கிட்டுத்தான் இருப்பீங்க."

"தூக்கித்தான் குடிச்சோம்" என்றாள் மனைவி. "கொழாய் போட்டதுக்கு அன்னைக்கும் கும்பிட்டேன், இன்னைக்கும் கும்பிடுறேன். அதுல மாத்தமில்ல. சாயம்னு சொன்னதுக்கு என்ன செய்றது? அத சொல்லுங்க."

அவர் கறுப்புக் கிளாஸை எடுத்தார். நின்றபடியே அடிவரைக்கும் குடித்தார். நான் அவரோடு முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். கெட்ட தேநீரை அவர் விழுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாக்குக்குக் கறுப்புன்னு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்றார். "சாயம்னு சொன்னது நான். தப்பு."

"சத்தமா சொல்லுங்கய்யா. அன்னைக்கு ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு."

அவர் வாசலுக்குப் போனார். முன்பு துப்பிய அதே இடத்தில் நின்று, ரோட்டைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "இப்ப அந்த நல்லதுல ஒண்ணு போடு, தாயி."

"இருங்க. தம்பிமாருக்குப் போட்டுட்டு வாறேன்" என்றாள். ஒன்பது பேருக்குப் போட்டுவிட்டுப் பத்தாவதாக அவருக்குக் கொடுத்தாள். எண்ணியது நான்தான். அன்று அவள் எண்ணவேண்டாம் என்று சொல்லவில்லை.

குழாயை மாற்றும்படி நாங்கள் எழுதிய கடிதத்தில் முதல் கையெழுத்து டீமேக்கருடையது. பதில் இன்னும் வரவில்லை, இரும்புக் குழாய் அப்படியே இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை காட்ரிஜை மாற்றுகிறேன். பிளந்த காட்ரிஜை மனைவி அடுப்புக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அது என்ன என்று கேட்பவர்களுக்கெல்லாம் கதையை முழுதாகச் சொல்கிறாள், என் பிரஷையும் விடாமல்.

போயா அன்று விடிந்தபோது சந்தியில் நான்கு பஸ்கள் நின்றன. உட்கார இடமில்லாமல் ரோட்டில் நின்று குடித்தார்கள். கூட்டம் சற்று ஓய்ந்தபோது நாட்குறிப்பை எடுத்தேன். வானிலை: தெளிவு. முதல் தேநீர்: செம்பு. மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனையை என்னிடமிருந்து வாங்கினாள். மூன்றாவது வரியை அவளே எழுதினாள்:

'பில்டர் புதுசு. கழுவ விடமாட்டேன்.'